விஜயதசமியன்று திறக்காத பெட்டகம்

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைத்து வைப்பதில் தப்பே இல்லை, மேடம். தஞ்சாவூரில் பாதிக் கடைகளில் அப்படித்தான். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு தட்டில் பொரிகடலையையும் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் சர்வருக்கும் பொட்டு வைத்தோம் என்றதும் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? உழைக்கிற பொருளுக்கு வருஷத்தில் ஒருநாள் ஓய்வு. நல்ல வழக்கம். நடந்ததற்கு யாராவது அந்த வழக்கத்தைக் குறை சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வாக்குமூலத்தை எழுதித் தருகிறேன் என்று நானேதான் கேட்டேன். பேசினால் நடுவில் யாராவது குறுக்கே கேள்வி கேட்பார்கள், பிறகு நான் ஏதோ மழுப்பியதாகச் சொல்வார்கள். எனக்கு மழுப்பிப் பழக்கமில்லை.

என் பெயர் விஸ்வா. மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மாடியில் என் நண்பன் பரிதி நடத்தும் சிறிய நிறுவனத்தில் இருந்தேன். வடிகால் ஷட்டர்களை அலுவலகத்திலிருந்தே ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். நீங்கள் மதுரைப் பக்கத்துக்காரர் என்றார்கள், அதனால் சொல்கிறேன். டெல்டாவில் மழைக்காலத்தில் வயலில் தேங்கும் தண்ணீர் வடிகால் வழியாக ஆற்றுக்குப் போக வேண்டும். ஆறு ஏறினால் ஷட்டரை மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு வயலுக்குள் வந்துவிடும். ஆறு இறங்கியதும் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பயிர் அழுகும், தாழ்ந்த தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். முன்பெல்லாம் இதற்கென்று ஒரு ஆள் மழையில் நனைந்துகொண்டு போய் இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவார். எங்கள் ஊரில் அந்த ஆள் பரிதியின் அப்பா செல்லதுரை. அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் பரிதி இந்தத் தொழிலையே தொடங்கினான். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனி அவனுக்கு வேலையைக் கொடுத்தது.

ஒவ்வொரு ஷட்டருக்கும் ஒரு கடவுச்சொல். அது இல்லாமல் சாமியே வந்து கட்டளையிட்டாலும் ஷட்டர் அசையாது. நான் வருவதற்கு முன் பரிதி எல்லாக் கடவுச்சொற்களையும் வாட்ஸப்பில் போட்டு வைத்திருந்தான். பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு பெட்டகம் வைத்தேன்.

பெட்டகம் என்றால் இரும்பு இல்லை. ரகசியங்களைப் பூட்டி வைக்கும் ஒரு மென்பொருள். அதில் அழுத்தப் பொத்தான் கிடையாது, பார்க்கப் படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். நான் அதைக் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டினேன். கன்டெய்னர் என்பது துறைமுகத்துப் பெட்டியும் இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே தடுத்துக் கட்டிய தனி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து மூடினால் அறையே இல்லாமல் போய்விடும். உள்ளே தட்டியதும் திரையில் வந்ததும் எதுவும் மிஞ்சாது. பூட்டிய சரக்கு மட்டும் வெளியே பத்திரமாக இருக்கும். அடுத்த முறை புது அறை. அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வர் ஓடுகிற வரை பெட்டகம் திறந்தே இருக்கும். அணைத்து எழுப்பினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க மூன்று சாவிகளில் இரண்டு வேண்டும். சாவி என்றால் ஒரு நீளமான எழுத்து வரிசைதான். ஒன்று பரிதியிடம், ஒன்று என்னிடம், ஒன்று எங்களோடு வேலை பார்த்த ஆஷிகா என்ற பெண்ணிடம். யாரும் தனியாக எதையும் செய்துவிடக் கூடாது என்று நான் செய்த ஏற்பாடு அது.

இனி பரிதியைப் பற்றி.

எங்கள் இருவருக்கும் ஒரே ஊர், வலங்கைமான் பக்கம். எங்கள் நிலத்தில் அவன் தாத்தா வேலை பார்த்தார். சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். அப்பா நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்தபோது அதில் ஒரு பகுதியைச் செல்லதுரைதான் வாங்கினார். எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஊர்ப்பக்கம் காரில் போகும்போது அப்பா அந்த வயலின் பக்கம் திரும்பமாட்டார், அவ்வளவுதான். பரிதிக்குக் கம்ப்யூட்டரை முதலில் காட்டியவன் நான். எங்கள் வீட்டில் அது வாசல் அறையில் இருந்தது, அதனால் அவன் வந்துபோக வசதி. அவன் கெட்டிக்காரன். சீக்கிரம் என்னைவிட நன்றாகத் தட்டினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

செல்லதுரையை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. அவர் என்னைத் தம்பி என்பார், வாங்க போங்க என்பார். தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. அருமையான மனுஷன்.

பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தேன். பரிதி போன் செய்து, "வாடா, சேந்து செய்வோம்" என்றான். சேர்ந்து என்றான், மேடம். அந்த ஒரு வார்த்தையை நம்பி மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

வலங்கைமானில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. பரிதி மேடையில் நின்று ஷட்டர் எப்படி ஓடுகிறது என்று விளக்கினான், நான் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் துரைராசு என்ற பெரியவர் என்னைக் காட்டி, "தம்பி யாருப்பா?" என்று கேட்டார்.

"நம்மகிட்ட வேலை பாக்குறாருங்க. இவரு இல்லாட்டி எங்களுக்கு எதுவுமே ஓடாது" என்றான் பரிதி.

துரைராசு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நாகேஸ்வரன் ஐயா மவன்ல இது? அட, செல்லதுரை மவன்கிட்டயா வேலை பாக்குறாரு? காலம் எப்படி சுத்துது பாத்தியா!"

எல்லோரும் சிரித்தார்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். பரிதியும் சிரித்தான். செல்லதுரை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அன்று திரும்பி வரும்போது பரிதி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். நம்பிக்கைத் துரோகம் என்ற சொல்லை நான் கண்ட இடத்தில் பயன்படுத்துகிறவன் இல்லை. ஆனால் சேர்ந்து செய்வோம் என்று கூட்டிவந்துவிட்டு, ஊர் முன்னால் வேலைக்காரனாக நிறுத்தினால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அவனிடம் நேரில் கேட்டிருக்கலாமே என்றீர்கள். கேட்கிற இடத்தில் நான் இருக்கக் கூடாது என்பதுதானே விஷயம்.

அந்த வருஷம் விஜயதசமியன்று திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். லீவு கேட்டேன். பரிதி உடனே சரி என்றான். "நீ போன எடுக்கவே வேணாம்டா. அப்பா அம்மாகூட நிம்மதியா இரு. ஒன் சாவிய மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போ, ஆத்திர அவசரத்துக்கு நான் பாத்துக்கறேன்" என்றான். அக்கறையாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மறுநாள் பரிதி வெளியே போயிருந்தபோது ஆஷிகாவைக் கூப்பிட்டேன். "நான் லீவுல போறேன்ல, அதுக்கு முன்னாடி சாவியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடலாம். உன்னோடத ஒரு தடவ அடிச்சுடு" என்றேன். புதிதாக ஒரு கன்டெய்னரைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஓடிக்கிட்டிருக்கறதுலயே பாக்கலாமே சார், எதுக்குப் புதுசு?"

"சுத்தமா இருக்கும். மூடிட்டா ஒண்ணும் தங்காது."

அவள் என்னை நம்பி அடித்தாள். அவள்தான் பிறகு உங்களிடம் இதைச் சொன்னாள் என்று தெரியும். அவள்மேல் கோபமில்லை. என்னைச் சார் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்.

நான் கொடுத்த கட்டளை சாவியைச் சோதிக்கும் கட்டளை இல்லை. சாவிகளை மாற்றும் கட்டளை. இரண்டு பழைய சாவிகள் கொடுத்தால் பெட்டகம் புதிதாக மூன்று சாவிகளைத் திரையில் ஒரே ஒரு தடவை காட்டும். அத்தோடு பழையவை செல்லாது. ஆஷிகா அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டாள். திரையில் வந்த புதுச் சாவிகளை நான் எழுதிக்கொள்ளவில்லை, போட்டோ எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கன்டெய்னரை மூடினேன். அதோடு அந்தச் சாவிகள் உலகத்திலேயே இல்லை.

ஷட்டர்கள் எப்போதும்போல ஓடின. பெட்டகம் திறந்துதானே இருந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் என் பழைய சாவியைப் பரிதியிடம் கொடுத்தேன். "தேங்க்ஸ்டா" என்று பர்ஸில் வைத்துக்கொண்டான். அவன் கேட்டது என் சாவியை. நான் கொடுத்ததும் என் சாவியைத்தான்.

பெட்டகத்தின் பழைய நகல்களை அழித்ததைப் பற்றியும் கேட்டீர்கள். சாவி மாற்றுவதற்கு முன் எடுத்த நகல் இருந்தால் பழைய சாவி அதைத் திறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய நகல்களை அவ்வப்போது அழிப்பது வழக்கமான வேலை. அந்த வாரம் செய்தேன்.

ஆயுத பூஜையன்று காலையில் செல்லதுரை ஊரிலிருந்து பொரியும் வாழைக்கன்றும் எடுத்துக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் அலுவலகப் பூஜையை அவர்தான் செய்வார். தன் இரும்புக் கைப்பிடியையும் கொண்டுவந்து சர்வருக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைப்பார். சர்வரைத் துடைக்க நான் துணியை எடுத்தபோது, "தம்பி, நீங்க உக்காருங்க, நான் தொடைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

பரிதிதான் தயங்கினான். "இந்த வருஷம் சர்வர மட்டும் ஓட விட்டுரலாமாப்பா? மழை இருக்குங்கறாங்க."

செல்லதுரை என்னைப் பார்த்தார். "தம்பி என்ன சொல்றீங்க?"

அவன் அப்பா, அவன் அலுவலகம், ஆனால் கேட்டது என்னிடம். ஒரு நிமிஷம் எல்லாம் சரியாக இருந்தது போல இருந்தது. வேண்டாம், ஓடட்டும் என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் காகிதத்துக்கே வேலை இல்லை.

"ஒரு நாள்தானே, பழக்கத்த ஏன் விடணும்? காலைல சாவியப் போட்டா எழுந்துக்கும்" என்றேன்.

ஆறு ஏறிக்கொண்டிருந்ததால் ஷட்டர்களை மூடிவிட்டு, செல்லதுரை தன் கையாலேயே சர்வரை அணைத்தார். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம் பஸ் பிடித்துத் திருக்கடையூர் போனேன்.

அன்றிரவு டெல்டா முழுக்க மழை கொட்டியது. விடியும்போது விட்டுவிட்டது. ஆறும் இறங்கத் தொடங்கியது. அதாவது, ஷட்டரைத் திறக்க வேண்டிய நேரம்.

கோயிலில் எங்களைப் போல இன்னும் பல குடும்பங்கள். எங்கு பார்த்தாலும் புதுப்பட்டும் மாலையுமாக அறுபது வயது மாப்பிள்ளைகள். அப்பாவுக்குக் கலச நீர் ஊற்ற என் முறை வருவதற்குள் பரிதியின் அழைப்பு வந்தது.

"சாவி எடுக்க மாட்டேங்குதுடா."

"பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாத்து அடி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. ஆஷிகா வந்து அவளுடையதையும் அடித்துப் பார்த்துவிட்டாளாம். "இன்னொரு தடவ பொறுமையா அடிங்க" என்றேன். கலச நீரை ஊற்றினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அப்பா அப்படிச் சிரித்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை பரிதியின் குரல் மாறியிருந்தது. ஊரில் கீழத்தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றான். என்னதான் செய்வதென்று கேட்டான். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த அழைப்பு செல்லதுரையின் போனிலிருந்து. காற்றுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம்.

"தம்பி, தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்குங்க. பரிதி பதறுறான். நானே கைப்பிடியப் போட்டு ஷட்டரத் தூக்கிவுட்டுரலாம்னு வந்துட்டேன். முன்னாடி நிக்கிற எடத்துல நீங்க மோட்டார் பொட்டிய வச்சிருக்கீங்க. அது பக்கத்துல ஏறி நின்னு, அதப் புடிச்சிக்கிட்டுச் சுத்தலாமா? நீங்க சொன்னா சரி."

நாதஸ்வரச் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை என்று முதல்நாள் உங்களிடம் சொன்னேன். விழுந்தது. தெளிவாகவே விழுந்தது.

"நில்லு செல்லதுரை, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அந்தப் பெட்டியை நானும் கொத்தனாரும் தற்காலிகமாக இரண்டே போல்ட்டில் நிறுத்தியிருந்தோம். பூஜை முடிந்ததும் கான்கிரீட் போடுவதாகத் திட்டம். அதுவரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது, ஆள் பிடித்தால் பெட்டியோடு போய்விடுவான் என்று கொத்தனாரிடம் சொன்னதே நான்தான். பரிதிக்கு அது தெரியாது. அவன் அப்போது தஞ்சாவூரில் உட்கார்ந்து செல்லாத சாவியை அடித்துக்கொண்டிருந்தான்.

ஷட்டர் பாதி ஏறியிருந்ததாம். அதனால் கீழத்தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. செல்லதுரையை மதியத்துக்குமேல் ஆற்றோரத்து நாணல் புதரில் கண்டெடுத்தார்கள். பெட்டி கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. பரிதி என்னிடம் வந்து நின்று கேட்க வேண்டும், நான் இல்லாமல் முடியாது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் செய்தேன் என்று சொன்னேன். அப்படியானால் புதுச் சாவிகளை எடுத்து வைத்திருக்க வேண்டுமே, அவன் கேட்டதும் கொடுத்திருக்கலாமே என்றீர்கள். ஆமாம். அவன் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவன் கட்டியது ஒரே காலையில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. செல்லதுரையை நினைக்கவில்லை. போன் வரும் வரை நினைக்கவில்லை. வந்த பிறகு நினைத்துத்தான் சொன்னேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பெட்டகத்தை யாரும் திறக்க முடியாதபடி பூட்டியவன் நான். செல்லதுரையை அந்தப் பெட்டியைப் பிடித்து நிற்கச் சொன்னவன் நான். தெரிந்தே சொன்னேன். கொலை என்று போடுவதாக இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, மிரட்டவில்லை.

சாவுக்குப் போனேனா என்று கேட்டிருந்தீர்கள். போனேன். போகாமல் இருக்க முடியுமா? செல்லதுரையின் மனைவி அம்சம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் தைரியமா ஏறுனாராம்" என்று அழுதார். குற்றம் சொல்லவில்லை. என்னைக் கேட்டுச் செய்ததில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது போலிருந்தது. நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

பரிதிக்கு அப்போது எதுவும் தெரியாது. சாவி ஏன் திறக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். பாடையைத் தூக்கும் நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தான். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அப்பாவுக்கு ஒன்ன ரொம்பப் புடிக்கும்டா. எனக்குக் கூடப்பொறந்தவன்னு யாரு இருக்கா? முன்னாடி ஒரு பக்கம் நீ தோள் குடு" என்றான். எனக்காக அந்தப் பக்கம் இடம் விட்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

தோள்பட்டை வலிக்கிறது என்றேன். வலியெல்லாம் இல்லை, உங்களிடம் பொய் எதற்கு? அவர்கள் வீட்டுப் பாடையை எங்கள் வீட்டில் யாரும் தூக்கியதில்லை, அப்பாவுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவார். மற்றபடி நான் அவர்களிடம் எந்த வித்தியாசமும் பார்த்தவன் இல்லை, மேடம்.